பெருகிய கயிறு

‘மங்கள கங்கா போர்வெல்ஸ்’ தலைமை அலுவலகத்தின் வரவேற்பு மண்டபத்தில் இத்தாலியப் பளிங்கு இருந்தது. மின்சாரத்தில் ஓடும் நீர்வீழ்ச்சி இருந்தது. முதலாளி குமாரசாமி வலது காலால் பூமியை உதைக்க, அங்கிருந்து தண்ணீர் பீறிட, மேலே தேவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பூத்தூவும் ஆளுயர ஓவியம் இருந்தது. அதன்கீழே ‘கொங்கு நாட்டுப் பகீரதன்’ என்ற பொன்னெழுத்து இருந்தது.

உட்கார ஒரு நாற்காலி இல்லை.

“பகீரதன் ஒத்தைக் கால்ல நின்னு தவம் பண்ணினவனுங்க அம்மிணி,” என்றார் குணசீலன். “நம்மளை ரெண்டு கால்லயும் நிக்க உடறாங்களே, அதுவே பெரிய மனசு.”

பிரவீனா சிரிக்கவில்லை. சேலத்தில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவள் துப்பறியும் நிறுவனம் நடத்தினாள். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்குப் பழைய காதல் உண்டா என்பவைதான் அன்றாடப் பிழைப்பு. அதற்கு முன் பெங்களூரில் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள். குணசீலன் அவளைவிட மூத்தவர். மாலைப் பத்திரிகையில் குற்றச் செய்தி எழுதியவர். பத்திரிகை நின்றதும் இவளிடம் உதவியாளராக வந்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாக்கை வைக்கவில்லை.

வரவேற்பில் இருந்த தனப்பிரியா என்ற பெண் டீ கொண்டுவந்தாள். டம்ளர்கள் வெள்ளி.

“நாற்காலிக்கு ஆர்டர் போட்டிருக்கோமுங்க மேடம். மூணு வாட்டி மெயில் அனுப்பியாச்சு. கடைக்காரரு பதிலே போட மாட்டேங்கறாரு,” என்றாள் கூச்சத்தோடு.

“இந்த டம்ளரை வித்தாலே நாலு நாற்காலி வாங்கலாமே கண்ணு?” என்றார் குணசீலன்.

“ஐயோ, இது என்ற சொந்த டம்ளருங்க. அது கேஷியர் அண்ணனோடது. மொதலாளி ஸ்டாப் எல்லாத்துக்கும் ஒண்ணொண்ணு குடுத்தாரு. வெளி மாநிலத்துல ரிக் வண்டியில இருக்கற மேனேஜருங்களுக்குக்கூடக் கொரியர்ல போச்...” நாக்கைக் கடித்துக்கொண்டாள். “கொரியர்ல சேந்துச்சு. எதுக்குன்னுதான் தெரியலீங்க. தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை.”

“எப்பக் குடுத்தாரு?” என்றாள் பிரவீனா.

“தமிழரசு அண்ணன் ஊருக்குக் கெளம்பினாரில்லீங்க, அதுக்கு மறு வாரம்.”

“எந்த ஊருக்கு?”

தனப்பிரியா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு விரலால் மேற்கூரையைக் காட்டினாள்.

ஓவியத்தின்கீழே, தேவர்களின் பூ விழாத மூலையில், ஒரு பெண் தன் பையையே மனையாகப் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த விரல் போன திசையை அவளும் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

குமாரசாமியின் அறை குளுகுளுவென்றிருந்தது. சுவரெல்லாம் பட்டங்கள். ‘நீர்த் தந்தை’, ‘தாகம் தீர்த்த தங்கம்’, ‘மங்களச் செம்மல்’. எல்லாப் பட்டத்தையும் ஒரே அச்சகம் அடித்திருந்தது. மேசைமேல் முருகன் படம். அதன் அருகில் ஒரு சின்னப் பூசை மணி.

“வாங்க, வாங்க. விசயம் ரொம்பச் சுளுவுங்க,” என்றார். “சத்தீஸ்கர்ல நம்ம வண்டி ஒண்ணு ஓடிக்கிட்டிருந்துச்சு. ராடு தூக்கற வின்ச்சுல கம்பிக் கயிறு பெருகி, ராடு எறங்கி, மேனேஜர் தமிழரசு நெறைஞ்சுட்டாரு. பக்கத்துல இருந்த ஒருத்தருக்குக் காலும் பெருகிருச்சு.”

குணசீலன் குழம்பிப் போனார். “ஏனுங்க, கயிறு அறுந்து, ராடு விழுந்து, ஆளு செத்துட்டாருன்னு சொல்லறீங்களா?”

குமாரசாமி கண்ணை மூடி, மணியை எடுத்து மூன்று வார்த்தைக்கும் சேர்த்து அடித்தார்.

“இந்தக் கட்டடத்துக்குள்ள அந்த மாதிரி வார்த்தை ஆகாதுங்க. பூமிக்குள்ள ஓட்டை போடற தொழிலு. வாய் நல்லா இருந்தாத்தான் தண்ணி வரும்.”

ஜன்னலுக்கு வெளியே தகரக் கொட்டகை. உள்ளே உடைந்த பிட்டுகள், வளைந்த ராடுகள், பிய்ந்த ஹோஸ்கள். வாசலில் பலகை: ‘பெருகிய பொருட்கள்.’

“எங்கம்மாகூடத் தாலிக் கயிறு அறு... இற்று நின்னா ‘பெருகிருச்சு’ன்னுதானுங்க சொல்லும்,” என்றார் குணசீலன், மணியைப் பார்த்துக்கொண்டே.

“அதேதான்! அதுதானுங்க நம்ம பண்பாடு!” குமாரசாமி பூரித்தார். “இப்ப விசயத்துக்கு வாரேன். சத்தீஸ்கர் போலீசு, மேனேஜரோட கவனக்குறைவுன்னு கேஸ் எழுதியிருக்குது. அவரு சம்சாரம் ஒத்துக்க மாட்டேங்குது. கயிறைப் பத்திப் புருசன் மூணு தடவை ஆபீசுக்கு மெயில் போட்டதா மனு குடுத்திருக்குது. எனக்கு அப்படி மெயிலே வரலீங்க. வக்கீல், நடுநிலையா ஒருத்தருகிட்ட சர்ட்டிபிகேட் வாங்குங்கன்னாரு. நீங்க கல்யாண விசாரணை பண்றவங்க. மெயில் பெட்டியைத் தொறந்து பாத்தீங்கன்னா, மெயில் இல்லைன்னு ஒத்தை வரி எழுதிறலாம்.”

“போன்ல சொல்லியிருக்கலாமே அவர்?”

“ரிக்குக்காரங்ககிட்ட நான் போன் பேசறதில்லீங்க. வாட்ஸ்அப்பும் கெடையாது. கம்பெனின்னா எல்லாம் மெயில்லதான் வரோணும். வெளிநாட்டுல அப்படித்தான்.”

“தமிழரசுவோட மெயில் கணக்கைப் பாக்கலாமா?”

“எடுத்தாச்சுங்க. நெறைஞ்சவங்க பேரு கம்பெனியில இருக்கக் கூடாதில்ல?”

“அவரு போன்?”

“ராடுக்குக் கீழ இருந்துச்சு. பெருகிருச்சு.”

பிரவீனா அவருடைய மெயில் பெட்டியைப் பார்த்தாள். துடைத்து வைத்த பாத்திரம்போல் இருந்தது. தமிழரசுவிடமிருந்து ஒன்றுமில்லை. தீபாவளி வாழ்த்துகூட இல்லை.

“உங்க மெயில் எந்தச் சர்வர் வழியா வருது?”

“சேலத்துல சிவக்குமார்னு ஒருத்தரு. குப்பை மெயில் வராமச் சலிச்சு அனுப்புவாரு. வேணும்னா அங்கயும் போய்ப் பாருங்க. கடுதாசி தாரேன்.” கையெழுத்துப் போட்டார். கையெழுத்திலும் ஒரு நீர்வீழ்ச்சி இருந்தது. “சர்ட்டிபிகேட்டை எங்கிட்டக் காட்டக்கூட வேண்டாமுங்க. நேரா கோர்ட்டுக்கே அனுப்பிருங்க. நடுநிலைன்னா அப்படித்தான் இருக்கோணும்.”

“அதையும் இந்தக் கடுதாசியில ஒரு வரி சேத்துருங்க,” என்றாள் பிரவீனா.

பெரிய மனிதர் சேர்த்தார்.

கார்க் கதவைத் திறக்கும்போது பின்னால் குரல் கேட்டது. பையை மனையாகப் போட்டிருந்த அதே பெண்.

“நான் சௌந்தர்யாங்க. தமிழரசு எங்கூட்டுக்காரருங்க.” நாமகிரிப்பேட்டையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து தினமும் இங்கே உட்காருவதாகச் சொன்னாள். உள்ளே விடவில்லை, வெளியேயும் தள்ளவில்லை. ‘போ’ என்பது அமங்கலமான வார்த்தை.

“நான் அவரு கூப்புட்டு வந்தவங்க,” என்றாள் பிரவீனா.

“தெரியுமுங்க. இருந்தாலும் பாத்ததைப் பாத்தபடி எழுதுவீங்கல்ல?” முந்தானையை இழுத்துப் பிடித்தாள். “எனக்குப் பணங்காசு அப்பறமுங்க. அவரு பேருல எழுதியிருக்கற பழி போகோணும். எம்பொண்ணுகிட்டப் பள்ளிக்கொடத்துல கேக்கறாங்க, ‘உங்கப்பன் தூங்கிட்டதுனாலதான் இன்னொருத்தருக்குக் காலு போச்சாமா’ன்னு. அவ இப்பப் பள்ளிக்கொடம் போகமாட்டேங்கறா.”

“மூணு மெயில் போட்டாருன்னு எப்படித் தெரியும்?”

“ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் பண்ணிச் சொல்லுவாருங்க. ரெண்டுக்குப் பதில் வரலை. மூணாவது...” நின்றாள். “மூணாவது நான் சொன்னபடி எழுதினாரு. மொதலாளிக்குப் புடிக்கற மாதிரி நல்ல வார்த்தையா எழுதுங்கன்னு நாந்தான் சொன்னேன். முன்ன ஒரு வாட்டி ‘டீசல் தீந்து போச்சு’ன்னு எழுதினதுக்கு, ரிக்குக்கு நூத்தியெட்டுத் தேங்கா ஒடைக்க வெச்சாங்க. அதனாலதான்...”

மேலே கேட்பதற்குள் அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

சேலம் ஐந்து ரோட்டில், தட்டுவடை செட் விற்கும் கடைக்கு மேல்மாடி. சிவக்குமாரின் அலுவலகத்தில் மனிதர்களுக்கு மின்விசிறியும் கம்ப்யூட்டர்களுக்கு ஏசியும் இருந்தன. அவர் கடுதாசியை இரண்டு முறை படித்தார்.

“குமாரசாமி ஐயா அவராவே லாகைக் காட்டச் சொல்லியிருக்காருங்களா?”

“லாகுன்னா என்னங்க?” என்றார் குணசீலன், கையில் தட்டுவடையோடு.

“செக்போஸ்ட்டுல லாரி நம்பர் எழுதற மாதிரிங்க. எந்த மெயில், யாருகிட்ட இருந்து, யாருக்கு, என்ன தலைப்பு, விட்டோமா நிறுத்தினோமான்னு ஒரு வரி விழும். விட்ட மெயிலு உள்ள என்ன சரக்குன்னு எங்ககிட்ட இருக்காது. நிறுத்தின மெயிலு மட்டும் முழுசா இருக்கும். அந்த எடத்துக்குக் குவாரன்டைன்னு பேரு.”

“எதையெல்லாம் நிறுத்துவீங்க?” என்றாள் பிரவீனா.

“எல்லாருக்கும் லாட்டரி, லோன், வைரஸ். குமாரசாமி ஐயா கம்பெனிக்கு மட்டும் தனி ரூல். ‘டீசல் தீந்து போச்சு’ன்னு எவனோ எழுதினதுக்கு அப்பறம் போடச் சொன்னது.” சிவக்குமார் தொண்டையைச் செருமினார். “‘மங்களம்’னு பேரு. சாவு, இழவு, அறு, காலி, போச்சு, நாசம். இந்த எழுத்து எங்க வந்தாலும் மெயில் உள்ள போகக் கூடாது. அனுப்பினவருக்கும் சொல்லக் கூடாது. அவரு உத்தரவுங்க.”

குணசீலனின் தட்டுவடை பாதி வழியில் நின்றது.

பிரவீனா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் படிக்கத் தொடங்கினாள். வேடிக்கையான சிறைச்சாலை அது. மாமனாரின் அறுபதாம் கல்யாணப் பத்திரிகை உள்ளே கிடந்தது, குற்றம், ‘அறு’. அறுவடைத் திருநாள் வாழ்த்து, அறுபடை வீட்டுச் சுற்றுலா விளம்பரம், ஏதோ சங்கம் அனுப்பிய அறுசுவை விருந்து அழைப்பு, எல்லாவற்றுக்கும் அதே குற்றம்.

“அதான் மாமனார் ஊட்டுல மனுசன்கிட்டப் பேச்சு வார்த்தை இல்லையா!” என்றார் குணசீலன். “முருகனையே அறுபடை வீட்டோட சேத்து நிறுத்திப் போட்டாருங்க அம்மிணி.”

பிரவீனா விரலை ஓர் இடத்தில் வைத்தாள். அனுப்பியவர்: தமிழரசு. பெறுபவர்: குமாரசாமி. தலைப்பு: ‘வின்ச் கயிறு அறுந்துருமுங்க.’ நிறுத்தப்பட்டது.

சில நாள் கழித்து இன்னொன்று. ‘கயிறு அறுந்தா சாவு விழும், அவசரம்.’ நிறுத்தப்பட்டது. இரண்டு காரணங்களுக்காக.

கீழே கடையில் யாரோ காரம் கூடக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப அந்தாளு சொன்னது நெசந்தான். மெயில் வரலை,” என்றார் குணசீலன் கசப்போடு. “பொய்யே சொல்லாம ஒருத்தன் எவ்வளவு பெரிய அயோக்கியனா இருக்க முடியுது பாருங்க.”

“மூணாவது இருக்கணும்.”

இருந்தது. தலைப்பு: ‘கயிறு பெருகுது.’

அனுமதிக்கப்பட்டது. போய்ச் சேர்ந்தது.

சௌந்தர்யா சொன்ன நல்ல வார்த்தை எதுவென்று பிரவீனாவுக்குப் புரிந்தது. அவள் உடனே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஐயா, தமிழரசுகிட்ட இருந்து ஒரு மெயில் உங்க பெட்டிக்கு வந்திருக்குது. தலைப்பு, கயிறு பெருகுது.”

அந்தப் பக்கம் நீர்வீழ்ச்சியின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குமாரசாமி சிரித்தார்.

“அதுங்களா! வந்திருக்கும். பெருகுதுன்னா நல்ல சேதிதானுங்களே. கயிறு ஸ்டாக் நெறைய இருக்குதாட்டன்னு நெனச்சுக்கிட்டு அழிச்சிருப்பேன். கவனக்குறைவா எழுதினது யாரு? அவருதானே? இதையும் சர்ட்டிபிகேட்ல சேத்துக்கங்க. எங்க பக்கத்துக்கு நல்லது.”

போன் அணைந்தது.

“காலையில ‘அதேதான், பண்பாடு’ன்னு நம்மகிட்டப் பூரிச்ச அதே வாயி,” என்றார் குணசீலன்.

“வாய்ச்சொல்லு கோர்ட்டுல நிக்காதுண்ணா. இந்திக்கார ஜட்ஜுக்கு ‘பெருகுது’ன்னா பெருகுறதுதான். அகராதியைத் தொறந்தா அகராதியும் அவரு கட்சிதான். இப்ப நாம எழுதினா, தமிழரசு மேல இன்னொரு பழியும் சேரும்.” பிரவீனா நெற்றியைத் தேய்த்தாள். “செத்தவரு பண்ணின தப்பு, மரியாதையா எழுதினது.”

சிவக்குமார் வேறெங்கோ பார்த்தார். அப்படிப் பார்ப்பவர்களைப் பிரவீனாவுக்குப் பழக்கம். மாப்பிள்ளையின் நண்பர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

“வெள்ளி டம்ளர்,” என்றாள் திடீரென்று.

“தட்டுவடைக்கு இங்க காகிதம்தானுங்க,” என்றார் குணசீலன்.

“ஆளு செத்த மறு வாரம், எல்லா ஸ்டாப்புக்கும் வெள்ளி டம்ளர். எதுக்குன்னு வாங்கினவங்களுக்கே தெரியலை. எதுக்குக் குடுப்பாங்க?”

“வாயை மூடத்தான். போலீசு ஸ்டேசன்ல எனக்கே குடுத்திருக்காங்க. எவர்சில்வர்.”

“வாயை மூடணும்னா, உள்ள ஏதோ இருக்கணும். இந்த ஸ்டாப் எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு தெரியும்னு குமாரசாமி நம்பறாரு. ஆனா அவங்களுக்கு ஒண்ணுமே தெரியலை. ரிக்குல இருக்கற மேனேஜருங்க வரைக்கும் கொரியர் போயிருக்குது. அத்தனை பேருக்கும் ஒரே சமயத்துல தெரியற மாதிரி ஒரு விசயத்தை எப்படிச் சொல்லுவாரு? போன் பேச மாட்டாரு. வாட்ஸ்அப் இல்லை.”

“மெயிலு,” என்றார் குணசீலன் மெதுவாக. “ஆனா போய்ச் சேரலை. ஏன் சேரலை?”

“நாற்காலி ஏன் வரலைண்ணா?”

குணசீலன் உதட்டாலேயே எழுத்துக் கூட்டினார். “நாற்... காலி. ஐயோ சாமி! காலி!”

பிரவீனா சிவக்குமார் பக்கம் திரும்பினாள். “வாறதை மட்டும் இல்லை, போறதையும் சலிக்கறீங்க. அந்தப் பொண்ணு போட்ட நாற்காலி ஆர்டர் இந்தக் கட்டடத்தைத் தாண்டலை. அப்படித்தானுங்களே?”

“கம்பெனி பேருல கெட்ட வார்த்தை வெளிய போகக் கூடாதுன்னு அவருதானுங்க...”

“மூணாவது மெயில் சேர்ந்த அன்னைக்கு, வெளிய போகாம நின்ன மெயில்களைக் காட்டுங்க. அனுப்பினவர் குமாரசாமி.”

“வேண்டாமுங்க மேடம்,” என்றார் சிவக்குமார். “அவரு மெயிலே அவரு ரூல்ல மாட்டிக்கிச்சுன்னு அவருகிட்ட யாருங்க போய்ச் சொல்லறது? அதனாலதான் கம்முனு வெச்சிருந்தேன். என்னன்னு படிக்கக்கூட இல்லை.”

“இப்பப் படிக்கலாம். கடுதாசி குடுத்திருக்காரு.”

திரையில் விரிந்தது.

‘அனைத்து மேலாளர்களுக்கும், ஊழியர்களுக்கும். எழுதினால் இப்படி எழுத வேண்டும். சத்தீஸ்கர் வண்டியில் வின்ச் கயிறு அறுந்துபோகும் நிலையில் இருப்பதை, அந்த அமங்கல வார்த்தையைக் கையாலும் தொடாமல், “பெருகுது” என்று எவ்வளவு பண்போடு தெரிவித்திருக்கிறார் தமிழரசு, பாருங்கள். கீழே அவர் கடிதம். அனைவரும் இதையே மாதிரியாகக் கொள்ளவும். குமாரசாமி, தலைவர்.’

கீழே கடிதம்:

‘ஐயாவுக்கு வணக்கமுங்க. வின்ச் கயிறு பெருகுதுங்க. பிரி பிரியா நல்லாப் பெருகியிருக்குதுங்க. இன்னும் ரெண்டு மூணு குழி ஓட்டினா முழுசாப் பெருகிருமுங்க. அடியில நாலு பேரு நிக்கறமுங்க. புதுக் கயிறு ஒண்ணு மங்களமா அனுப்பி வெச்சா, உங்க புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருப்போமுங்க. தமிழரசு.’

அச்சு இயந்திரம் கரகரவென்று ஓடியது. குணசீலன் தாளை உருவி எடுத்தார். அவர் பத்திரிகையில் எத்தனையோ சாவு எழுதியவர்.

“பாராட்டியிருக்கான் அம்மிணி,” என்றார் கடைசியில். “கயிறு அனுப்பலை. பாராட்டு அனுப்பியிருக்கான். அதுவும் போய்ச் சேரலை.”

மறுநாள் மங்கள கங்காவில் புது ரிக் லாரிக்குப் பூசை. வாசலில் நாதஸ்வரம். லாரியின் நெற்றியில் சந்தனம். குமாரசாமிக்கு இன்னொரு பட்டம் கொடுக்க வந்தவர்கள், உட்கார இடமில்லாமல் மண்டபத்தில் பொன்னாடையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

வாசலிலேயே பிரவீனா சௌந்தர்யாவைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். முழுவதும் சொன்னாள்.

“நான் சொன்ன வார்த்தையாலதான் மொதலாளிக்குப் புரியாமப் போச்சோன்னு நெனச்சு நெனச்சு...” சௌந்தர்யா பிரவீனாவின் கையைப் பற்றினாள். “அப்ப அவருக்குப் புரிஞ்சுதுங்களா?”

“நல்லாப் புரிஞ்சுது. நீங்க சொன்ன வார்த்தை மட்டுந்தான் உள்ள போச்சு.”

சௌந்தர்யா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“புரியாம இருந்திருந்தாத் தேவலீங்க,” என்றாள்.

மூவரும் உள்ளே போனபோது யாரும் தடுக்கவில்லை. தனப்பிரியா கதவையே திறந்துவிட்டாள். குமாரசாமி பட்டு வேட்டியில் எழுந்து நின்றார். சௌந்தர்யாவைப் பார்த்ததும் புன்னகை மட்டும் உட்கார்ந்தது.

பிரவீனா ஒரு தாளை மேசைமேல் வைத்தாள்.

“நீங்க கேட்ட சர்ட்டிபிகேட். நடுநிலையா எழுதியிருக்கேன். நீங்க எழுதிக் குடுத்தபடி கோர்ட்டுக்கும், சத்தீஸ்கர் போலீசுக்கும் நேத்தே ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பியாச்சு. இது உங்க நகல்.”

“மெயில்ல அனுப்பியிருக்கலாமே?” என்றார் குமாரசாமி, கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

“அனுப்பினோமுங்க,” என்றார் குணசீலன். “மாட்டிக்கிச்சு. தபால்காரருக்குத்தான் இன்னும் சல்லடை கட்டலை.”

குமாரசாமி படித்தார். தாள் சின்னதுதான். தமிழரசு இருமுறை ‘அறுந்துவிடும்’ என்று எழுதினார். குமாரசாமியின் உத்தரவால் அவை நிறுத்தப்பட்டன. மூன்றாம் முறை எழுதியது அவருக்குச் சேர்ந்தது. அவர் அதன் பொருளைப் புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதை அவரே எழுதியிருக்கிறார். அந்தச் சுற்றறிக்கையும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. புதுக் கயிறு அனுப்பப்படவில்லை. கயிறு அறுந்தது.

“இது... இந்தச் சர்க்குலர் எப்படி... ஸ்டாப்ல யாரு குடுத்தா?”

“யாரும் குடுக்கலை,” என்றாள் பிரவீனா. “அவங்களுக்கு அது வரவே இல்லை. நீங்க அதுல ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்தீங்க. உங்க ரூல் உங்களையே நிறுத்திருச்சு. டம்ளரெல்லாம் வீணுங்க.”

வாசலில் நாதஸ்வரக்காரர் மங்களம் வாசிக்கத் தொடங்கினார். யாரோ பூசணிக்காய் எங்கே என்று கத்தினார்கள்.

குமாரசாமி கோபப்பட்டார். மானநஷ்ட வழக்கு என்றார், மந்திரி என்றார், பகீரதன் என்றார். பிறகு ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோக, தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிரவீனாவைப் பார்த்தார். இறங்கி வந்து பேரம் பேசும் குரல்.

“கோர்ட்டுக்கு இன்னொரு தாள் அனுப்பலாமில்லீங்களா? மத்ததெல்லாம் இருக்கட்டும். கடைசி வரியில அந்த ஒரு வார்த்தையை மட்டும்... பெருகியதுன்னு மாத்திக் குடுங்க. என்ற பேருக்கு நேரா அந்த வார்த்தை வேண்டாமுங்க.”

குணசீலன் மேசையை ஒட்டி வந்து நின்றார்.

சௌந்தர்யா மேசையருகே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அறுந்துச்சுங்க.”

குமாரசாமியின் கை தானாக மணியைத் தேடிப் போனது. மணி குணசீலனின் உள்ளங்கைக்குள் இருந்தது. மணியின் நாக்கை அவர் விரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.

“கயிறு அறுந்துச்சு. எங்கூட்டுக்காரரு செத்துப் போனாரு. எனக்குத் தாலி பெருகலீங்க, அறுந்துச்சு.” அவள் தாளை அவர் பக்கம் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்தாள். “எம்பொண்ணுகிட்டக் கேக்கறாங்க, யாராலன்னு. நாளைக்கு உங்களையும் கூண்டுல நிக்க வெச்சுக் கேப்பாங்க, என்ன ஆச்சுன்னு. இப்பவே சொல்லிப் பழகிக்கங்க. படிங்க.”

பட்டம் கொடுக்க வந்தவர்கள் கதவருகே பொன்னாடையோடு எட்டிப் பார்த்தார்கள்.

கொங்கு நாட்டுப் பகீரதன் வாயைத் திறந்தார்.

“பெ...” என்றார்.

“அது இல்லீங்க,” என்றாள் சௌந்தர்யா. “‘அ’ன்னு ஆரம்பிங்க.”